“96 வீதம் பிழை” என்று வரும் விந்துப் பரிசோதனை அறிக்கை: அது சொல்வதும் சொல்லாததும்

குழந்தை இல்லை என்றதும் எமது சமூகம் முதலில் பெண்ணைத்தான் பார்க்கிறது. ‘சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்’ என்று ஆறு நாள் விரதம் இருப்பவள் அவள். ஸ்கான் எடுப்பவள் அவள், ஊசி போடுபவள் அவள், நல்ல காரியங்களுக்கு முன்னால் வராதே என்ற பேச்சைக் கேட்பவளும் அவளே. கணவன் ஒரு சிறிய போத்தலில் விந்து மாதிரி கொடுப்பதற்கு மூன்று, நான்கு வருடங்கள் கடந்துவிடுகின்றன. கொடுத்த பின்னர் வரும் அறிக்கையில் ‘வழமையான வடிவம் 2 வீதம்’ என்று இருந்தால் அந்தக் காகிதம் மடித்து அலுமாரிக்குள் வைக்கப்படுகிறது. மனைவிக்கும் காட்டப்படுவதில்லை, வைத்தியருக்கும் காட்டப்படுவதில்லை.

நான் மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை செய்பவன். இந்த அறிக்கைகளைத் தயாரிப்பதும் எனது வேலைகளில் ஒன்று. அறிக்கையை வாங்கிக்கொண்டு யன்னலடியில் நிற்பவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “தம்பி, இதிலை 96 வீதம் பிழை எண்டு கிடக்கு. எனக்குப் பிள்ளை பிறக்காதோ?” பின்னால் வரிசை நிற்கும்போது அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். சுருக்கமான பதில் இதுதான்: அந்த ஒரு இலக்கத்தை மட்டும் வைத்து உங்களுக்குப் பிள்ளை பிறக்காது என்று எவராலும் சொல்ல முடியாது. சிகிச்சை பற்றிய முடிவை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அறிக்கையை விளங்கிக்கொண்டு வைத்தியரிடம் போனால் கேட்க வேண்டியதைக் கேட்கலாம், தேவையில்லாத செலவையும் தவிர்க்கலாம்.

அறிக்கையில் என்னென்ன இருக்கும்?

விந்துப் பரிசோதனை அறிக்கையில் முக்கியமாக நான்கு விடயங்கள் இருக்கும். விந்தின் கனவளவு, விந்தணுக்களின் எண்ணிக்கை, அவற்றின் அசைவு, அவற்றின் வடிவம். உலக சுகாதார நிறுவனம் இதற்கென ஒரு கைநூலை 1980 முதல் வெளியிட்டு வருகிறது. 2021 இல் வந்த ஆறாவது பதிப்பு கீழ் எல்லையாகத் தரும் அளவுகள் இவை: கனவளவு 1.4 மில்லிலீற்றர், ஒரு மில்லிலீற்றரில் 16 மில்லியன் விந்தணுக்கள், மொத்தமாக 39 மில்லியன், அசையும் விந்தணுக்கள் 42 வீதம், முன்னோக்கி நீந்துபவை 30 வீதம், வழமையான வடிவமுள்ளவை 4 வீதம்.

கடைசி வரியைக் கவனியுங்கள். மற்ற எல்லா இடத்திலும் பெரிய இலக்கங்கள். வடிவத்துக்கு மட்டும் 4 வீதம். அதாவது 100 விந்தணுக்களில் 96 வழமைக்கு மாறான வடிவத்தில் இருந்தாலும் அது ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவுதான். ஆரோக்கியமான, பிள்ளைகள் பெற்ற ஆண்களின் விந்திலும் பெரும்பாலானவை கோணல்மாணலாகவே இருக்கின்றன. மனித உடலில் விந்தணு உற்பத்தி அப்படித்தான் நடக்கிறது. பரீட்சைப் புள்ளி போல 100 இற்கு 4 என்று இதைப் பார்ப்பதுதான் பயத்துக்கு முதற் காரணம்.

கணக்காகவும் பார்க்கலாம். ஒருவரின் விந்து 3 மில்லிலீற்றர், ஒரு மில்லிலீற்றரில் 40 மில்லியன் விந்தணுக்கள் என்றால் மொத்தம் 120 மில்லியன். அதில் 4 வீதம் 48 இலட்சம். 2 வீதம் என்றாலும் 24 இலட்சம். கருக்கட்டுவதற்குத் தேவை ஒன்று. அந்த ஒன்று சூலை அடைவதற்கு வழியில் பல இலட்சம் விந்தணுக்கள் அழிந்துபோகின்றன என்பது உண்மை. அதனால்தான் வைத்தியர் வடிவத்தைத் தனியாகப் பார்க்காமல் எண்ணிக்கை, அசைவு இரண்டோடும் சேர்த்துப் பார்க்கிறார்.

வழமையான வடிவம் என்றால் என்ன?

விந்தணுவை முதலில் நுணுக்குக்காட்டியில் பார்த்து 1677 இல் எழுதியவர் ஒல்லாந்தைச் சேர்ந்த லீவன்ஹூக். அவர் கண்டது தலையும் வாலும் உள்ள ஒரு சின்ன உயிரைத்தான். இன்றும் நாங்கள் பார்ப்பது தலை, கழுத்துப்பகுதி, வால் ஆகிய மூன்றையும்தான்.

தலை முட்டை வடிவில், ஏறத்தாழ 4 முதல் 5 மைக்ரோமீற்றர் நீளமாக இருக்க வேண்டும். ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் வருவதே ஒரு மைக்ரோமீற்றர். தலைக்குள் தந்தையின் 23 நிறமூர்த்தங்கள் நெருக்கமாகப் பொதி செய்யப்பட்டிருக்கும். தலையின் முன்பாதியை அக்ரோசோம் என்ற தொப்பி மூடியிருக்கும். சூலைச் சுற்றியுள்ள உறையைத் துளைக்க உதவும் நொதியங்கள் அந்தத் தொப்பிக்குள்தான் இருக்கின்றன. கழுத்துக்குக் கீழே உள்ள நடுப்பகுதியில் சக்தி தரும் இழைமணிகள் சுற்றப்பட்டிருக்கும். அதற்கும் கீழே ஏறத்தாழ 45 மைக்ரோமீற்றர் நீளமான வால்.

தலை மிகப் பெரிதாக, மிகச் சிறிதாக, கூம்பாக அல்லது உருண்டையாக இருக்கலாம். இரண்டு தலைகள் இருக்கலாம். கழுத்து மடிந்திருக்கலாம். வால் சுருண்டோ, கட்டையாகவோ, இரட்டையாகவோ இருக்கலாம். இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே, அல்லது ஒரு சந்தேகம் எழுந்தாலே, அந்த விந்தணுவை ‘வழமைக்கு மாறானது’ என்ற பக்கத்தில் போட வேண்டும் என்பது விதி. அழகுப் போட்டி நடத்துவது போன்ற கடுமையான விதி இது.

வழமையான வடிவம் 4 வீதத்துக்குக் கீழே போனால் அறிக்கையில் ‘டெராட்டோசூஸ்பேர்மியா’ என்று எழுதப்படும். இணையத்தில் தேடினால் ‘டெராட்டோ’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு அரக்கன், விகாரம் என்றெல்லாம் பொருள் வரும். படித்தவர்கள்கூட அதைப் பார்த்துக் கலங்கிப்போகிறார்கள். அது விந்தணுவின் தோற்றத்துக்கு வைக்கப்பட்ட பழைய பெயர் மட்டுமே.

4 வீதம் எங்கிருந்து வந்தது?

1987 இல் வந்த கைநூலில் இந்த எல்லை 50 வீதம். 1992 இல் 30 வீதம். 2010 இல் 4 வீதம். இந்தக் காலத்துக்குள் உலக ஆண்களின் விந்தணுக்கள் அவ்வளவு கெட்டுப்போய்விட்டன என்று இதற்குப் பொருளில்லை. அளக்கும் கோல் மாறியது. தென்னாபிரிக்காவின் டைகர்பேர்க் வைத்தியசாலையில் குரூகர், மென்க்வெல்ட் ஆகியோர் 1980களில் ‘கடுமையான அளவுகோல்’ ஒன்றை உருவாக்கினார்கள். முன்னர் ‘பரவாயில்லை’ என்று விடப்பட்ட சிறுசிறு கோணல்கள்கூட அதன்படி மாறானவையாகக் கணக்கெடுக்கப்பட்டன. அதனால் இலக்கம் விழுந்தது.

2010 இல் வேறொரு மாற்றமும் நடந்தது. ஒரு வருடத்துக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களின் விந்து அளவுகளை வரிசையாக அடுக்கி, அடியிலிருந்து 5 வீதமானவர்கள் நிற்கும் இடத்தில் கோடு போட்டார்கள். அந்தக் கோடுதான் 4 வீதம். இதன் பொருளைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். கோட்டுக்குக் கீழே நின்ற அந்த 5 வீதமானவர்களும் தகப்பன்மார்தான்! பிள்ளை பெறக்கூடியவர், பெற முடியாதவர் என்று ஆண்களைப் பிரிக்கும் வேலி அல்ல இது என்பதை 2021 இன் கைநூலும் தெளிவாகச் சொல்கிறது.

இதனால் நடைமுறையில் ஒரு குழப்பம் வருகிறது. ஒரு ஆய்வுகூடம் பழைய அளவுகோலில் ‘வழமையானவை 45 வீதம்’ என்று எழுதும். ஆறு மாதம் கழித்து இன்னொரு இடத்தில் கடுமையான அளவுகோலில் ‘3 வீதம்’ என்று வரும். உடம்பில் ஒன்றும் மாறியிருக்காது. ஆனால் ‘ஆறு மாதத்துக்குள் எல்லாம் போய்விட்டது’ என்று அந்த மனிதன் இடிந்துபோய் நிற்பான். அறிக்கைகளை ஒப்பிடும்போது இரண்டிலும் ஒரே அளவுகோல்தானா என்று கட்டாயம் கேளுங்கள்.

3 வீதத்துக்கும் 4 வீதத்துக்கும் என்ன வித்தியாசம்?

நாங்கள் விந்தைக் கண்ணாடி வழுக்கியில் பூசி, உலரவிட்டு, சாயமிட்டு, நுணுக்குக்காட்டியில் குறைந்தது 200 விந்தணுக்களை ஒவ்வொன்றாகப் பார்த்து எண்ண வேண்டும். 200 இல் 4 வீதம் என்றால் 8. 3 வீதம் என்றால் 6. ஆக, ‘சரி’ என்ற அறிக்கைக்கும் ‘பிழை’ என்ற அறிக்கைக்கும் இடையில் இருப்பது இரண்டே இரண்டு விந்தணுக்கள்.

அதே வழுக்கியில் அடுத்த 200 ஐ எண்ணினால் 5 வரலாம், 10 உம் வரலாம். எண்ணுபவரின் கண்ணும் பயிற்சியும் வேறுபடும். சாயம் சரியாகப் பிடிக்காவிட்டால் தலைகள் வீங்கித் தெரியும். இதையெல்லாம் ஆய்வுகூடத்தில் இருப்பவன் என்ற முறையில் ஒளிக்காமல் சொல்கிறேன். விந்துப் பரிசோதனையின் எல்லாப் பகுதிகளிலும் பார்ப்பவருக்குப் பார்ப்பவர் அதிகம் வேறுபடுவது வடிவம்தான்.

ஆகவே ஒரு அறிக்கையை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. முதலாவது அறிக்கை சரியில்லை என்றால் இடைவெளி விட்டு இரண்டாவது தடவை செய்ய வேண்டும். புதிய விந்தணு ஒன்று உருவாகி வெளியேற ஏறத்தாழ மூன்று மாதங்கள் எடுக்கும். விதைக்குள் 70 நாட்களுக்கு மேல் வளர்ந்து, பின்னர் ஒன்று இரண்டு வாரங்கள் விதைமேற் குழாயில் முதிர்ச்சியடைகிறது. இன்று கொடுக்கும் மாதிரி மூன்று மாதங்களுக்கு முன்னர் உங்கள் உடம்பு இருந்த நிலையைக் காட்டுகிறது. அப்போது டெங்கு வந்திருந்தால், கடும் காய்ச்சலில் கிடந்திருந்தால், அது இன்றைய அறிக்கையில் தெரியும். மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்த்தால் வேறு விடை வரலாம்.

பிறக்கும் பிள்ளைக்குக் குறை வருமா?

வாய்விட்டுக் கேட்காமல் மனதுக்குள் வைத்திருக்கும் கேள்வி இது. கோணல் விந்தணுவால் கோணல் பிள்ளை பிறக்குமா? விந்தணுவின் வெளித்தோற்றம் பிள்ளையின் தோற்றத்தைத் தீர்மானிப்பதில்லை. பிள்ளைக்குப் போவது தலைக்குள் இருக்கும் பரம்பரையலகுகள். வால் சுருண்டிருப்பதற்கும் பிள்ளையின் கை, காலுக்கும் தொடர்பில்லை. வால் கோணலான விந்தணு பெரும்பாலும் சூலை அடையவே மாட்டாது என்பதுதான் நடப்பது.

வடிவமே உண்மையான காரணமாக இருக்கும் சந்தர்ப்பங்கள்

இவ்வளவும் சொன்னதற்காக வடிவம் முக்கியமே இல்லை என்று எண்ணிவிடவும் கூடாது. மூன்று சந்தர்ப்பங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, எண்ணிக்கையும் அசைவும் நன்றாக இருந்து, வடிவம் மட்டும் குறைவாக இருப்பது. இவர்களில் பலருக்கு இயற்கையாகவே பிள்ளை பிறக்கிறது. காத்திருக்கும் காலம் கொஞ்சம் கூடலாம். வழமையான வடிவம் 0 வீதம் என்று அறிக்கை வந்த ஆண்களிலும் எந்தச் சிகிச்சையும் இல்லாமல் தகப்பனானவர்கள் இருக்கிறார்கள் என்று மருத்துவ ஆய்வுகள் பதிவு செய்துள்ளன.

இரண்டாவது, எண்ணிக்கை, அசைவு, வடிவம் மூன்றும் சேர்ந்து குறைந்திருப்பது. இங்கு வாய்ப்பு உண்மையிலேயே குறைகிறது. காரணத்தைத் தேடிச் சிகிச்சை செய்ய வேண்டும்.

மூன்றாவது, மிக அரிதானது: ஏறத்தாழ எல்லா விந்தணுக்களும் ஒரே விதமாகப் பிழைத்திருப்பது. எல்லாத் தலைகளும் உருண்டையாக, தொப்பி இல்லாமல் இருந்தால் அவை சூலைத் துளைக்க முடியாது. எல்லாத் தலைகளும் மிகப் பெரிதாக இருந்தால் நிறமூர்த்தங்களின் எண்ணிக்கையே பிழையாக இருக்கக்கூடும். எல்லா வால்களும் கட்டையாகவோ சுருண்டோ இருந்தால் நீந்த முடியாது. இவை பரம்பரையலகுகளால் வருபவை; நெருங்கிய இரத்த உறவுக்குள் திருமணம் நடக்கும் குடும்பங்களில் அதிகம் காணப்படுகின்றன. ஆகவே அறிக்கையில் வீதத்தை மட்டும் பார்க்காமல், என்ன வகைப் பிழை என்று எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ‘பலவகை’ என்றால் ஒரு கதை, ‘அனைத்தும் உருண்டைத் தலை’ என்றால் முற்றிலும் வேறு கதை.

எவற்றால் வடிவம் கெடுகிறது?

பலரில் காரணம் கண்டுபிடிக்கப்படுவதில்லை. கண்டுபிடிக்கக்கூடியவற்றில் முக்கியமானது வரிக்கோசீல். விதைப்பையில், பெரும்பாலும் இடது பக்கம், நாளங்கள் புடைத்துச் சுருண்டு நிற்கும். எழுந்து நிற்கும்போது கையால் தடவினால் மண்புழுக்கள் இருப்பது போலத் தெரியும். ஆண்களில் ஏறத்தாழ 15 வீதமானவர்களுக்கு இது இருக்கிறது. பிள்ளையின்மைக்காக வரும் ஆண்களில் ஏறத்தாழ 40 வீதம் வரை. இருப்பவர்கள் எல்லாருக்கும் பாதிப்பு வருவதில்லை.

விதைகள் உடலுக்கு வெளியே தொங்குவதற்குக் காரணம் இருக்கிறது. உடல் வெப்பத்தை விட 2 முதல் 4 பாகை குறைவான வெப்பம் அவற்றுக்குத் தேவை. வெதுப்பகத்தில் போறணைக்கு முன்னால் நிற்பவர்கள், நாள் முழுவதும் வாகனம் ஓட்டும் சாரதிகள், இறுக்கமான உள்ளாடை அணிபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சாரமும் தளர்ந்த உடையும் நல்லவை.

சிகரெட், பீடி, சுருட்டு, புகையிலை போட்ட வெற்றிலை, மாவா, கசிப்பு, கஞ்சா, ஹெரோயின் ஆகியவை விந்தையும் பாதிக்கின்றன. உடற்பயிற்சி நிலையங்களில் தசை வளர்க்க என்று போடப்படும் ஆண் ஓமோன் ஊசியைப் பற்றி இளைஞர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து அந்த ஓமோன் வந்ததும் மூளை விதைகளுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி முற்றாக நின்றுபோகவும் கூடும். ஆண்மைக்கு என்று போட்ட ஊசி பிள்ளைக்கு வழியை அடைக்கிறது.

எங்கள் பக்கத்தில் வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டம் செய்பவர்கள் கிருமிநாசினியை வெறுங்கையால் கலந்து, வெறும் மேலோடு அடிப்பதைக் காண்கிறோம். 1977 இல் கலிபோர்னியாவில் டி.பி.சி.பி. என்ற நூற்புழு நாசினியைத் தயாரித்த தொழிற்சாலையின் ஆண்கள், தங்களில் பலருக்குப் பிள்ளை பிறக்கவில்லை என்பதைத் தமக்குள் பேசும்போதுதான் கவனித்தார்கள். பரிசோதித்தபோது பலரின் விந்தில் விந்தணுக்களே இல்லை, அல்லது மிகக் குறைவு. அந்த மருந்து பின்னர் தடைசெய்யப்பட்டது. எல்லாக் கிருமிநாசினியும் அப்படியல்ல. ஆனாலும் கையுறை, முகமறைப்பு, நீளக் காற்சட்டை, அடித்து முடிந்ததும் குளிப்பு என்பவை செலவில்லாத காவல்.

நீரிழிவு, உடற்பருமன், பிறப்பிலேயே விதை கீழிறங்காமை, வயது வந்த பின் வந்த கூகைக்கட்டு விதையைத் தாக்கியது, பாலியல் வழித் தொற்றுக்கள், புற்றுநோய்ச் சிகிச்சை ஆகியவையும் பட்டியலில் உள்ளன. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றப்போகும் இளைஞர் அதற்கு முன்னரே விந்தை உறைநிலையில் சேமிப்பது பற்றி வைத்தியரிடம் கேட்கலாம்.

போர் விட்டுச் சென்றவை

“அண்டைக்குக் குடிச்ச புகையும் கிடந்த பட்டினியும்தான் இப்ப இப்படிச் செய்யுதோ?” என்று கேட்பவர்கள் உண்டு. மேலே சொன்ன மூன்று மாதக் கணக்கு இங்கு ஆறுதலைத் தருகிறது. 2009 இல் உடலில் இருந்த விந்தணு எதுவும் இன்று இல்லை. அன்றைய பட்டினியும் காய்ச்சலும் அந்தக் காலத்து விந்தைப் பாதித்திருக்கும். உடம்பு தேறிய பின் உற்பத்தியும் பெரும்பாலும் தேறிவிடும். நிலைத்து நிற்கும் பாதிப்பு வருவது விதையின் இழையமோ, அதற்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களோ, விந்து வரும் பாதையோ, முள்ளந்தண்டின் நரம்போ சேதப்பட்டிருந்தால்தான்.

ஒரு விதையை இழந்தவர்கள்: மற்றது நன்றாக இருந்தால் ஒன்றே போதும்.

அரையில், அடிவயிற்றில் காயப்பட்டுச் சத்திரசிகிச்சை செய்தவர்கள்: விந்து வரும் குழாய் இரு பக்கமும் அறுபட்டிருந்தால் விந்தில் விந்தணு இராது, ஆனால் விதைக்குள் உற்பத்தி நடந்துகொண்டிருக்கலாம். அங்கிருந்து ஊசியால் எடுக்க முடியும். காயத்தின் பழைய குறிப்பு அட்டை இருந்தால் வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள்: இங்கு பிரச்சினை பெரும்பாலும் விந்து வெளியேறாமை, வெளியேறினாலும் அசைவு குறைவாக இருக்கும். மருத்துவ அதிர்வுக் கருவி, மின்தூண்டல், விதையிலிருந்து நேரடியாக எடுத்தல் ஆகிய வழிகள் உலகில் நீண்டகாலமாகப் பயன்பாட்டில் உள்ளன. சக்கர நாற்காலியில் இருப்பவருக்குப் பிள்ளை கிடையாது என்று ஊர் போடும் தீர்ப்பு மருத்துவத்தின் தீர்ப்பல்ல. அதிர்வுக் கருவியை வீட்டில் தானாக முயல வேண்டாம். முள்ளந்தண்டின் மேற்பகுதியில் காயமுள்ளவர்களுக்கு இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம்.

உடலில் சன்னம் உள்ளவர்கள்: செல் துண்டுகள் பெரும்பாலும் இரும்பு. ஈயத்தாலான குண்டு மூட்டுக்குள் தங்கியிருந்தால் இரத்தத்தில் ஈயம் ஏறக்கூடும். ஈயம் விந்தணுவைப் பாதிக்கும். சந்தேகம் இருந்தால் இரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

தடுப்பில் சித்திரவதைக்கு உள்ளானவர்கள்: அந்தரங்க உறுப்பைப் பரிசோதிக்க மேசையில் படுப்பதே இவர்களுக்குப் பழையவற்றைக் கிளறிவிடும். நடந்ததை முழுவதும் சொல்ல வேண்டியதில்லை. “அந்த இடத்தைத் தொடுவது எனக்குக் கஷ்டம், சொல்லிவிட்டுச் செய்யுங்கள்” என்றால் போதும். நம்பிக்கையானவரை உடன் அழைத்துச் செல்லலாம். இடையில் நிறுத்தச் சொல்லவும் உரிமை உண்டு. மன உளைச்சலுக்கான சில மருந்துகள் பாலுறவில் சிரமம் தரலாம்; அவற்றைத் தாமாக நிறுத்தாமல் தந்த வைத்தியரிடமே பேச வேண்டும்.

போரால் வந்த இன்னொன்றும் இருக்கிறது: காலம். இடப்பெயர்வு, சிறை, புனர்வாழ்வு முகாம், வீடு கட்டிய கடன் என்று பலருக்குத் திருமணமே 35 வயதுக்குப் பின்னர்தான் நடந்தது. இருந்த பிள்ளைகளை இழந்துவிட்டு மீண்டும் ஒரு பிள்ளைக்காகக் காத்திருக்கும் தம்பதியரும் உண்டு. இவர்களில் கணவனின் வடிவ வீதத்தை விட மனைவியின் வயது பெரிய விடயம். விந்தணு நாள்தோறும் புதிதாக உருவாகிறது. சூல்கள் அப்படி உருவாவதில்லை. கணவனின் அறிக்கை அலுமாரிக்குள் கிடக்கும் இரண்டு வருடத்தில் குறைவது மனைவியின் வாய்ப்பு.

சிகிச்சை: எது உதவும், எது உதவாது?

வடிவத்தை மட்டும் திருத்தும் மருந்து இன்றுவரை இல்லை. இதை முதலில் மனதில் வைத்துக்கொண்டால் முகநூலில் விற்கப்படும் லேகியங்களுக்கும் பொடிகளுக்கும் காசு போகாது.

விற்றமின், நாகம், போலிக் அமிலக் குளிசைகள் பரவலாக எழுதப்படுகின்றன. நாகமும் போலிக் அமிலமும் சேர்த்து அமெரிக்காவில் 2,370 தம்பதியரிடம் செய்யப்பட்ட பெரிய ஆய்வு 2020 இல் வெளியானது. ஆறு மாதம் குளிசை எடுத்த ஆண்களின் மனைவியரில் 34 வீதத்தினருக்கும், வெற்றுக் குளிசை எடுத்தவர்களின் மனைவியரில் 35 வீதத்தினருக்கும் குழந்தை பிறந்தது. அதாவது பலனில்லை, வயிற்றுக் கோளாறுதான் குளிசை எடுத்தவர்களிடம் கூடுதலாக இருந்தது. முருங்கையிலை, மீன், பயறு, பழங்கள் உள்ள சாதாரணச் சாப்பாடு உடம்புக்கு நல்லது. மாதாமாதம் ஆயிரக்கணக்கில் குளிசை வாங்குவதற்கு முன்னர் “இதனால் பிள்ளை பிறக்கும் வாய்ப்புக் கூடுமா?” என்று நேராகக் கேளுங்கள்.

வரிக்கோசீல் கையால் தடவித் தெரியும் அளவில் இருந்து, விந்து அறிக்கையும் குறைவாக இருந்தால் சத்திரசிகிச்சை பயன் தரலாம். ஸ்கானில் மட்டும் தெரியும் சிறிய புடைப்புக்குச் சத்திரசிகிச்சை தேவையில்லை. தொற்று, நீரிழிவு, ஓமோன் குறைபாடு இருந்தால் அவற்றுக்கான சிகிச்சை. புகைத்தலையும் போதையையும் விட்டால் பலன் தெரிய மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும்.

இவற்றால் ஆகாதபோது கழுவிச் சேகரித்த விந்தணுக்களைக் கருப்பைக்குள் செலுத்துவது ஒரு வழி. உடலுக்கு வெளியே கருக்கட்டுவது அடுத்த வழி. 1978 இல் இங்கிலாந்தில் அதன்மூலம் முதற் குழந்தை பிறந்தது. ஒரே ஒரு விந்தணுவை மெல்லிய ஊசியால் சூலுக்குள் செலுத்தும் இக்சி முறையில் முதற் கர்ப்பங்கள் 1992 இல் பிரசல்ஸிலிருந்து அறிவிக்கப்பட்டன. உருண்டைத் தலை போன்ற அரிய நிலைகளுக்கு இந்த முறைதான் கதவைத் திறந்தது. ஆனால் எண்ணிக்கையும் அசைவும் நன்றாக உள்ள ஒருவருக்கு, 3 வீதம் என்ற ஒரு வரியைக் காட்டி நேராக இக்சி செய்யச் சொன்னால் இன்னொரு நிபுணரிடமும் கேளுங்கள். கொழும்புக்கும் சென்னைக்கும் காணி ஈடுவைத்து, நகை விற்றுப் போகும் குடும்பங்களுக்கு இந்த ஒரு கேள்வி பல இலட்சங்களை மிச்சப்படுத்தலாம்.

பரிசோதனைக்குப் போகும்போது

ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் கருத்தரிக்காவிட்டால் இருவரும் ஒரே நேரத்தில் பரிசோதனைக்குப் போக வேண்டும். மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதம் போதும். கணவன் வெளிநாட்டில் இருந்து வருடத்துக்கு ஒரு மாதம் வந்துபோனால் அதை ஒரு வருடமாகக் கணக்கிடக் கூடாது. உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ அரச வைத்தியசாலையின் பெண்நோயியல் கிளினிக்கிலோ தொடங்கலாம்.

மாதிரி கொடுப்பதற்கு முன் 2 முதல் 7 நாட்கள் உறவைத் தவிர்க்க வேண்டும். சாதாரண ஆணுறையிலோ, எண்ணெய், சவர்க்காரம் பூசியோ எடுக்கக் கூடாது. ஆய்வுகூடம் தரும் போத்தலிலேயே எடுக்க வேண்டும். முதலில் வரும் பகுதியில்தான் விந்தணுக்கள் அதிகம். அது சிந்திவிட்டால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், இன்னொரு நாள் எடுக்கலாம். வீட்டில் எடுத்தால் ஒரு மணித்தியாலத்துக்குள், ஐஸ் வைக்காமல், சட்டைப் பையில் உடல் சூட்டோடு கொண்டுவர வேண்டும். ஒட்டுசுட்டானில் எடுத்து பஸ்ஸில் யாழ்ப்பாணம் கொண்டுவரும் மாதிரியில் அசைவைச் சரியாகப் பார்க்க முடியாது. அப்படியானவர்கள் ஆய்வுகூடத்திலேயே தனி அறை கேட்கலாம். கடந்த மூன்று மாதத்தில் வந்த காய்ச்சலையும் எடுத்த மருந்துகளையும் எழுதிக் கொடுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2023 இல் வெளியிட்ட கணக்கின்படி உலகில் ஆறு பேருக்கு ஒருவர் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் பிள்ளையின்மையைச் சந்திக்கிறார். இத்தகைய தம்பதியரில் ஏறத்தாழ பாதிப் பேரில் ஆண் பக்கக் காரணமும் சேர்ந்திருக்கிறது. ஆகவே மனைவிக்கு வயிற்றைத் துளைத்துச் செய்யும் பரிசோதனைகளைத் தொடங்குமுன் கணவனின் விந்துப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். இதுதான் எல்லாப் பரிசோதனைகளிலும் செலவும் வலியும் குறைந்தது. அறிக்கையில் எந்த இலக்கம் இருந்தாலும் அதை இருவரும் சேர்ந்து வாசியுங்கள், சேர்ந்தே வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.